வேரோடு விழுந்த பல்

மகளின் முதற்பல் விழுந்தது ஒரு சனிக்கிழமைக் காலையில். அவளுக்கு அப்போது ஒன்றரை வயதுதான். வாழைப்பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தவள் வாயைத் திறந்து நாக்கால் எதையோ வெளியே தள்ளினாள். பழத்தின் நார் என்று நினைத்து விரலால் எடுத்தேன். பல். கீழ்வரிசை முன்பல். அரிசிமணி அளவில் தலையும், அதைவிட நீளமான கூர் வேருமாக முழுசாக இருந்தது. இரத்தம் ஒரு துளிதான். அவள் அழவில்லை. மிச்சப் பழத்தைக் கேட்டாள்.

இதை எழுதவேண்டாம் என்றுதான் முதலில் இருந்தேன். சந்தேகிக்கப்பட்ட ஒருவன் எழுதினால், இவன் ஏன் இப்போது எழுதுகிறான் என்று அதற்கும் ஒரு சந்தேகம் வரும். வரட்டும். எங்களைப்போல ஒரு பல்லைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கும் தாய் தகப்பன் எங்கேயாவது இருப்பார்கள்.

என் பெயர் சுதன். வெம்பிளியில் இருக்கிறோம். நான் எலெக்ட்ரீஷியன். மனைவி தர்சினி ஒரு பாடசாலை அலுவலகத்தில் பகுதிநேரமாக வேலை செய்கிறாள். மகள் கனிஷா, எங்களுக்குக் கனி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்து அகதியாகப் பதிந்து இங்கே வேர்விட்டவன். தர்சினி வன்னியில் வளர்ந்தவள்.

பல்லைத் தர்சினி கழுவி, தோடு வைக்கும் சின்னப் பெட்டிக்குள் போட்டாள். திங்கட்கிழமை பக்கத்துத் தெருப் பல் டொக்டரிடம் போனோம். அவர் கனியின் வாயை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"எங்கேயாவது முட்டியிருப்பாள். இந்த வயதில் நடக்கிறதுதானே."

"அவள் எங்கும் முட்டவில்லை," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தார். "பாற்பல்தானே, பிறகு புதுசு முளைக்கும்," என்று சொல்லி அனுப்பிவிட்டார். பெட்டியிலிருந்த பல்லை அவர் கேட்கவில்லை, நாங்களும் காட்டவில்லை. அந்தப் பார்வையை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சில வாரங்கள் கழித்து, பக்கத்துப் பல் நேர்சரியில் விழுந்தது. பாண் துண்டு சாப்பிட்டபோது விழுந்ததாம். அன்றைக்கென்று அவளுடைய முழங்காலுக்குக் கீழே ஒரு கன்றலும் இருந்தது. நடக்கப் பழகும் எந்தப் பிள்ளைக்கும் வரும் நீலம். நேர்சரிப் பொறுப்பாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது குரல் மிக மரியாதையாக இருந்தது. பிள்ளையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், கவுன்சிலின் பிள்ளைகள் பாதுகாப்புப் பிரிவுக்கும் அறிவித்துவிட்டோம் என்றார். அந்த மரியாதையிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

அவசர சிகிச்சைப் பிரிவில் என்னையும் தர்சினியையும் வேறு வேறு அறையில் வைத்துக் கேட்டார்கள். பிள்ளை எப்போது விழுந்தாள்? விழவில்லை என்றால் பல் எப்படி விழுந்தது? வீட்டில் யார் அதிகம் கோபப்படுவது? பிள்ளை அழுதால் யார் தூக்குவது? கொஞ்ச நேரம் வேறு எதையோ கதைத்துவிட்டு, திரும்ப முதல் கேள்விக்கு வந்தார்கள்.

எனக்கு இந்த முறை தெரியும். இளவயதில் கொழும்பில் பொலிஸ் பிடித்துவைத்த ஒரு கட்டடத்தில் இப்படித்தான் கேட்டார்கள். ஒரே மாதிரிப் பதில் சொன்னால் பாடமாக்கி வந்திருக்கிறான். மாற்றிச் சொன்னால் பொய். இங்கே யாரும் கை ஓங்கவில்லை. தண்ணீர் தந்தார்கள், கதிரை தந்தார்கள். ஆனாலும் என் முதுகில் வழிந்த வியர்வை அதே வியர்வைதான்.

அன்று மாலையே கனியைப் பிள்ளைகள் வாட்டில் அனுமதித்தார்கள். கட்டிலைச் சுற்றியிருக்கும் திரையை மூட வேண்டாம் என்றார் நேர்ஸ். காரணம் சொல்லவில்லை. பிறகுதான் கவனித்தேன், மற்றக் கட்டில்களில் திரை மூடியிருந்தது. நான் கனியைத் தூக்கினால் ஒரு நேர்ஸ் தற்செயலாக வந்து எதையாவது சரிபார்ப்பார். ஒருமுறை அவளுடைய நாப்கினை மாற்ற எழும்பினேன். "நான் செய்கிறேன், அப்பா இருங்கள்," என்று ஒரு இளம் நேர்ஸ் சிரித்தபடி முந்திக்கொண்டார். நல்ல பிள்ளை அவர். அவர்மீதும் எனக்குச் சந்தேகம் வந்தது.

அடுத்த நாள் உடம்பு முழுவதும் எக்ஸ்ரே எடுத்தார்கள். பழைய முறிவு ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு எலும்பாகப் பார்ப்பது. கை, கால், விலா, மண்டை என்று தனித்தனியாக. ஒவ்வொன்றுக்கும் பிள்ளை அசையாமல் இருக்க வேண்டும். ஒன்றரை வயதுப் பிள்ளை எப்படி அசையாமல் இருக்கும்? இரண்டு பேர் பிடித்தார்கள். தர்சினி தலைமாட்டில் நின்று பாட்டுப் பாடினாள். என்னை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று, கனி வாயைத் திறந்து கத்துவதைச் சத்தமில்லாமல் பார்த்தேன். பிறகு கண்ணுக்குள் சொட்டு மருந்து விட்டு வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். பிள்ளையைப் பிடித்து உலுக்கியிருந்தால் கண்ணின் பின்பக்கத்தில் இரத்தக் கசிவு இருக்குமாம். இதையெல்லாம் எனக்கு விளக்கிய டொக்டர், வானிலை சொல்வது போலச் சொன்னார்.

அதன் பிறகு நானும் தர்சினியும் வாட்டுக்கு வெளியே, தேநீர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றோம். அவள் கோப்பையைக் கையில் வைத்திருந்தாள், குடிக்கவில்லை.

"இஞ்சருங்கோ," என்றாள். "நீங்கள் ஒண்டும் செய்யேல்லைத்தானே?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கைகளைப் பார்த்தாள்.

"என்ன கேக்கிறீர் தர்சி?"

"நான் கேக்கேல்லை. நேற்றிலை இருந்து அதைத்தானே எல்லாரும் கேக்கினம். கேட்டுக் கேட்டு, இப்ப என்ரை வாயிலையும் அதுதான் வருது."

"செய்யேல்லை."

"சரி," என்றாள். கோப்பையைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அந்த "சரி" என்ன சரி என்று நான் நெடுநேரம் யோசித்தேன். நான் வேலைக்குப் போன பிறகு கனி யாரோடு இருக்கிறாள்? செவ்வாயும் வெள்ளியும் தர்சினியோடுதான். அவள் களைத்துப்போய் இருந்த நாட்கள் எவை? இந்தக் கணக்கை நானும் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். கலியாணம் செய்து எட்டு வருஷம். ஒரு பல் வந்து எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

தர்சினியின் தமக்கை மாலா அக்கா மோர்டனில் இருக்கிறார். நோர்தேர்ன் லைன் ரயிலில் ஏறி, இடையில் மாறி, இரண்டு கையிலும் பை தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். இடியப்பமும் சொதியும். கனிக்குக் குழையச் சோறு வேறாக. அவர் எங்களிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்து, "சுதன், முதல்ல சாப்பிடும். சாப்பிடாமல் நிண்டு கதைச்சால் கோபம்தான் வரும்," என்றார். அந்த நாட்களில் என்னைப் பார்த்து எதையும் அளக்காத ஒரே முகம் அவருடையது. அதையும் நான் அப்போது முழுசாக நம்பவில்லை. தங்கைக்காக நடிக்கிறாரோ என்று நினைத்தேன்.

எக்ஸ்ரே முடிவு வந்தது. முறிவு எதுவும் இல்லை. ஆனால் முழங்கால், மணிக்கட்டுப் பக்கம் எலும்பின் நுனிகள் சற்றுச் சீரில்லாமல், அரித்ததுபோல் இருக்கின்றன என்றார் வாட்டு டொக்டர்.

"ரிக்கெட்ஸ் ஆக இருக்கலாம். விற்றமின் டி குறைந்தால் எலும்பு மெலியும். உங்கள் தோல் நிறத்துக்காரருக்கு இந்த நாட்டு வெயில் போதாது. நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். கூடிய அளவில் விற்றமின் டி கொடுத்தால் சரியாகிவிடும்."

"அப்படியென்றால் பல்?" என்று கேட்டேன்.

"அதைத் தனியாகப் பார்க்கிறோம்."

தனியாக என்றால் என்ன? எலும்புக்கு எங்கள் தோலைக் காரணம் காட்டிவிட்டார்கள், பல்லுக்கு என் கையை வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. மருந்தை வேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால், சிகிச்சையைத் தடுக்கும் தகப்பன் என்று எழுதுவார்கள். தலையாட்டினேன்.

வாயில் அடிபட்ட காயம் இருக்கிறதா என்று பார்த்து எழுதித் தருவதற்காக, அதே ஆஸ்பத்திரியின் பிள்ளைகளுக்கான பல் டொக்டரை வாட்டுக்கு அழைத்திருந்தார்கள். டொக்டர் ரூத் என்று சொல்லிக்கொண்டார். உயரமான, வேகமாகப் பேசும் பெண். கனியின் முன்னால் முழங்காலிட்டு, முதலில் தன் வாயைத் திறந்து காட்டினார். கனியும் திறந்தாள். கையுறை போட்ட விரலால் ஒவ்வொரு பல்லாக மெதுவாக அசைத்துப் பார்த்தார். மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் அசைந்தன. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறை அழுத்திப் பார்த்தார்.

"விழுந்த பற்கள் எங்கே?"

அந்த ஆஸ்பத்திரியில் அதை முதலாவதாகக் கேட்டவர் அவர். தர்சினி கைப்பைக்குள்ளிருந்து தோட்டுப் பெட்டியை எடுத்தாள். நேர்சரியில் விழுந்த பல்லும் ஒரு சின்னப் போத்தலில் இருந்தது. டொக்டர் ரூத் இரண்டையும் உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பினார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்துப் பேசினார்.

"பாற்பல் தன் காலத்தில் விழும்போது வேர் கரைந்துபோய் இருக்கும். அதனால்தான் ஆறு வயதுப் பிள்ளையின் விழுந்த பல் வெறும் தொப்பிபோல இருக்கும். அடிபட்டு விழுந்தால் வேர் முழுசாக வரலாம். ஆனால் உதடு வெடித்திருக்கும், ஈறு கிழிந்திருக்கும், மேலுதட்டை ஈறோடு பிடித்திருக்கும் அந்த மெல்லிய சவ்வு அறுந்திருக்கும். இங்கே வேர் முழுசாக இருக்கிறது, வாயில் ஒரு கீறல் இல்லை. பல்லை எலும்போடு ஒட்டவைக்கும் பசை போன்ற ஒரு படை உண்டு. இந்தப் பிள்ளைக்கு அது உருவாகவே இல்லை என்று நினைக்கிறேன்."

வாட்டு டொக்டரைக் கூப்பிட்டு, கனியின் இரத்தப் பரிசோதனையைத் திரையில் திறக்கச் சொன்னார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். எனக்கு ஆங்கிலம் விளங்கும், அந்த எண்கள் விளங்கவில்லை. பிறகு விளக்கினார்கள். அல்கலைன் பொஸ்பற்றேஸ் என்று இரத்தத்தில் ஒரு நொதி இருக்கிறது. எலும்பிலும் பல்லிலும் கல்சியம் போய்ப் படிவதற்கு அது வேண்டும். வளரும் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட மிகக் கூடுதலாக இருக்கவேண்டும். கனியின் எண்ணைக் கணினி பெரியவர்களின் அளவோடு ஒப்பிட்டு, பிழையில்லை என்று காட்டியிருந்தது. பிள்ளைக்கு அது மிகக் குறைவு.

"ரிக்கெட்ஸ் என்றால் இது ஏறியிருக்க வேண்டும். இது கீழே கிடக்கிறது," என்றார் டொக்டர் ரூத். "விற்றமின் டி கொடுத்துவிட்டீர்களா?"

நேர்ஸ் மருந்தை எடுக்கப் போயிருந்தார். வாட்டு டொக்டர் தானே நடந்துபோய் நிறுத்திவிட்டு வந்தார். அவர்கள் சந்தேகித்த நோயில் உடம்பில் ஏற்கெனவே கல்சியம் படிய இடமில்லாமல் நிற்கும். அளவு தெரியாமல் விற்றமின் டி கொடுத்தால் இரத்தத்தில் கல்சியம் ஏறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். திரும்பி வந்தவர் என்னிடம், "நிறுத்தியாயிற்று," என்றார். அவர் முகம் மாறியிருந்தது. எனக்கு அவர்மீது கோபம் வரவேண்டும். நான் கட்டிலின் விளிம்பில் அமர்ந்துவிட்டேன்.

நோயின் பெயர் ஹைப்போபொஸ்பற்றேசியா. பிறப்பிலேயே வருவது, அரிதானது. சிலருக்கு எலும்பு முழுவதையும் தாக்கும், சிலருக்குப் பல்லோடு நின்றுவிடும். பரம்பரையாக வரக்கூடியது. அதனால் டொக்டர் ரூத் எங்கள் பக்கம் திரும்பினார்.

"உங்கள் இருவரில் யாருக்காவது சின்ன வயதில் பல் காலத்துக்கு முன்பே விழுந்ததா? எலும்பு முறிந்து ஆறத் தாமதமானதா?"

இதுவும் ஒரு பொறி என்றுதான் நினைத்தேன். "எனக்கு இல்லை," என்று அவசரமாகச் சொன்னேன். தர்சினி கனியின் வாயைப் பார்த்தாள்.

"தர்சி?"

"எனக்கு மூண்டு வயசுக்கு முன்னமே முன்பல் இல்லையாம்," என்றாள் என்னிடம், தமிழில். "அம்மா சொல்லுறவ. ஷெல்லடிக்கை இடம் இடமா ஓடின காலம், பல்லை ஆர் பாத்தது. பிறகு முளைச்சதுதானே எண்டு விட்டிட்டினம்."

"உம்மடை கால்?"

அவள் தலையசைத்தாள். கனி பிறப்பதற்கு முன் அவளுடைய பாதத்தில் ஒரு எலும்பு தானாகவே வெடித்தது. விழவில்லை, சறுக்கவில்லை. மாதக்கணக்கில் நொண்டினாள். கூடுதலாக நடந்ததால்தான் என்று அப்போது சொன்னார்கள். இப்போது அவள் அதை ஆங்கிலத்தில் டொக்டர் ரூத்துக்குச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் இடையில் நின்று, கனியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப என்னாலைதான்," என்றாள். அதைத் தமிழில்தான் சொன்னாள். டொக்டர் ரூத்துக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் இருந்தார். "இதை யாரும் செய்யவில்லை," என்றார். "நீங்களும் இல்லை, அவரும் இல்லை."

அன்று தர்சினியிடமும் இரத்தம் எடுத்தார்கள். அவளுடையதும் குறைவு. கனிக்கு விற்றமின் பி6 அளவு பார்த்தார்கள். அந்த நொதி குறைந்தால் பி6 இரத்தத்தில் தேங்கி ஏறும். ஏறியிருந்தது. மரபணுப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். அது வர வாரக்கணக்கு ஆகும்.

இதோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். கவுன்சிலிலிருந்து வந்த சோஷல் வேர்க்கர், ஜூலி என்று பெயர், கனியை வீட்டுக்கு விட்டாலும், மரபணு முடிவு வரும்வரை நான் அவளோடு தனியே இருக்கக்கூடாது என்றார். நோய் இருக்கிற பிள்ளைக்கும் யாராவது அடிக்கலாம்தானே என்பது அவர்கள் நியாயம். அதனால் மாலா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். வேலைக்கு லீவு போட்டு, தன் பிள்ளைகளைப் புருஷனோடு விட்டுவிட்டு வந்தார்.

"நானோ உம்மைக் காவல் காக்கிறது?" என்று முதல் நாளே என்னிடம் கேட்டார். "நான் சமைக்க வந்தனான். நீர் பிள்ளையை வைச்சிரும். அவை கேட்டால் நான் இஞ்சைதான் நிண்டன் எண்டு சொல்லுவன். பொய்யும் இல்லை."

ஆனால் என்னால் இயலவில்லை. கனி ஓடிவந்தால் மாலா அக்கா எந்த அறையில் நிற்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் தூக்கினேன். அவள் சோபாவில் ஏறினால் மாலா அக்காவைக் கூப்பிட்டேன். ஒரு பிறந்தநாள் விழாவில், தெரிந்தவர் ஒருவர் கனியின் வாயைப் பார்த்து, "இனிப்புக் கூடக் குடுத்திட்டியள் போல," என்று சிரித்தார். பக்கத்தில் நின்றவர் சிரிக்கவில்லை. அவருக்கு ஏதோ தெரியும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு விழாக்களுக்குப் போகவில்லை.

தர்சினியும் நானும் அந்த வாரங்களில் பிள்ளையைப் பற்றி மட்டும்தான் கதைத்தோம். ஒருநாள் எலும்பு நோய் நிபுணரைப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றபோது, கனி தள்ளுவண்டியில் நித்திரை.

"அண்டைக்கு நான் உங்களைக் கேட்டனான்," என்றாள்.

"ஓம்."

"நீங்கள் என்னை ஒரு நாளும் கேக்கேல்லை."

"கேக்கேல்லை. ஆனா நினைச்சனான்."

"தெரியும்," என்றாள். "நீங்கள் செவ்வாய்க்கிழமையளிலை வேலையிலை இருந்து கோல் எடுக்கத் தொடங்கினீங்கள்." பஸ் வந்தது. தள்ளுவண்டியை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினோம்.

மரபணு முடிவு சந்தேகத்துக்கு இடமில்லாமல் வந்தது. தாயிடமிருந்து மகளுக்கு. கனிக்கு வந்திருப்பது கடுமை குறைந்த வகை. இப்போதைக்கு ஊசி மருந்து தேவையில்லை. எலும்பு மோசமானால் அதற்கும் ஒரு மருந்து இருக்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை உயரம், நடை, இரத்தம், சிறுநீரகம் பார்ப்பார்கள். டொக்டர் ரூத் பற்களைப் பார்க்கிறார். இன்னும் ஒன்றிரண்டு விழும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். கொஞ்சம் வளர்ந்ததும் சின்னதாகப் பொய்ப்பல் கட்டித் தருவாராம். தர்சினியின் பாதத்துக்கும் இப்போதுதான் சரியான வைத்தியம் தொடங்கியிருக்கிறது. எலும்பு தேய்வதற்கு வழக்கமாகக் கொடுக்கும் சில மாத்திரைகள் அவளுக்கு ஆகாதாம். தெரியாமல் யாராவது கொடுத்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இதை வாசிப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்கு முன் பிள்ளைக்குப் பல் தானாக விழுந்தால், அதைக் கூரைமேல் எறியாதீர்கள், தலையணைக்குக் கீழும் வைக்காதீர்கள். வேர் இருக்கிறதா என்று பாருங்கள். பல்லைப் பத்திரப்படுத்தி, பிள்ளைகளுக்கான பல் டொக்டரையே கேட்டுப் போங்கள். அல்கலைன் பொஸ்பற்றேஸ் பார்த்தீர்களா, பிள்ளைகளின் அளவோடு பார்த்தீர்களா என்று கேளுங்கள். முகம் சுளித்தாலும் கேளுங்கள். முதற்பல்லிலேயே யாராவது அதைக் கேட்டிருந்தால், கனியை அந்த எக்ஸ்ரே மேசையில் இரண்டு பேர் பிடித்திருக்கத் தேவையில்லை.

ஜூலி கடைசியாக வீட்டுக்கு வந்து, விசாரணை முடிந்துவிட்டது என்றார். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

"அந்தப் பல் டொக்டர் அன்று லீவில் நின்றிருந்தால்?" என்று கேட்டேன்.

அவர் அதைச் சிரித்து மழுப்பவில்லை. "வேறுமாதிரி முடிந்திருக்கலாம்," என்றார். "ஆனால் நாங்கள் கேட்காமல் விட்ட பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் உயிரோடு இல்லை."

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால் எனக்கு ஆறுதல் கிடைத்துவிடவில்லை. வாசல்வரை கூட்டிப்போய் விட்டேன். கை கொடுத்தார், நானும் கொடுத்தேன்.

அந்த வார இறுதியில் மாலா அக்கா மோர்டனுக்குத் திரும்பினார். திங்கட்கிழமை தர்சினிக்கு வேலை. எனக்கு அன்று வேலை இல்லை. காலையில் அவள் சப்பாத்தை மாட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். என்ன கேட்கப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

"அரை நாள் லீவு எடுக்கேலாதோ எண்டு என்னைக் கேக்காதேங்கோ," என்றாள். "நான் வர நாலு மணியாகும். மத்தியானம் சோறும் பருப்பும் குழைச்சுக் குடுங்கோ. மேல்பல்லு ஆடுது, கரட்டைக் கடிக்கக் குடுக்காதேங்கோ."

"விழுந்தால்?"

"விழுந்தால் எடுத்து வையுங்கோ."

கதவைத் திறந்தவள் திரும்பி வந்து கனியை முத்தமிட்டாள். பிறகு என் கை இரண்டையும் பிடித்து, பிள்ளையைத் தூக்கி அவற்றுக்குள் தந்துவிட்டு, படியிறங்கிப் போனாள்.